அக்காவின் கை பட்ட சில்லு

கடந்த தீபாவளிக்கு மறுநாள், சுங்கை பட்டாணியில் சித்தப்பா வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, கைப்பேசிச் சண்டை.

சித்தப்பாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் பட்டணத்தில் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறான், சாம்சங் கட்சி. இளையவன் பினாங்கில் கணக்கர், ஆப்பிள் கட்சி. வருடத்துக்கு ஒரு முறையாவது இருவரும் மோதிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை மாட்டிக்கொண்டது நான். காரணம், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளைப் பல ஆண்டுகளாகப் பத்திரிகைக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவன் நான்.

"பேப்பர்க்காரங்க எல்லாம் ஆப்பிள் பக்கம்தாண்ணே. ஐபோன் லேட்டா வந்தா 'அமோக வரவேற்பு'ன்னு போடுவீங்க. சாம்சங் லேட்டா வந்தா 'சாம்சங்குக்குச் சிக்கல்'னு போடுவீங்க," என்றான் மூத்தவன்.

"போடா. முழுப்பக்க விளம்பரம் கொடுக்குறது யாரு? சாம்சங்தான். அவனைப் பத்தி எவன் தப்பா எழுதுவான்?" இது இளையவன்.

முறுக்குத் தட்டோடு வந்த என் அக்கா நின்றார். "எதுக்குடா இப்படி அடிச்சுக்கிறீங்க? அந்தக் கோவிட் வருசம் ரெண்டு போனும்தான் கிடைக்கல. நாங்க வேலைக்குப் போகாததாலதான் கிடைக்கலன்னு எங்க சூப்பர்வைசரே சொன்னாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தம்பிகளின் வழக்கைப் பார்த்துவிடுவோம்.

அன்றிரவே கணினியில் என் பழைய மொழிபெயர்ப்புகளைத் தேடி எடுத்தேன். 2021 மார்ச் மாதம், சாம்சங்கின் பங்குதாரர் கூட்டத்தில் அதன் தலைமை நிர்வாகிகளில் ஒருவரான கோ டோங்-ஜின் பேசியது ஒன்று. உலக அளவில் சில்லுகளின் தேவைக்கும் வரத்துக்கும் இடையே கடுமையான இடைவெளி இருக்கிறது, இந்த ஆண்டு புதிய கேலக்ஸி நோட் வெளியிடுவது சிரமமாக இருக்கலாம் என்றார் அவர். அந்த ஆண்டு நோட் வரவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 28-ல் ஆப்பிள் தலைவர் டிம் குக் சொன்னது இன்னொன்று. சில்லுகளும் மற்ற பாகங்களும் போதிய அளவு கிடைக்காததால் அந்தக் காலாண்டில் மட்டும் ஏறக்குறைய 600 கோடி அமெரிக்க டாலர் விற்பனையை இழந்தோம் என்றார்.

காரணம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. நான் கொடுத்திருந்த தலைப்புகள்? முதலாவது: 'சாம்சங்குக்குச் சில்லுச் சிக்கல், இவ்வாண்டு நோட் இல்லை?' இரண்டாவது: 'ஐபோனுக்கு அமோகத் தேவை, சில்லு போதவில்லை'.

மூத்தவன் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு ஆப்பிள் ஒரு காசு கொடுக்கவில்லை. என்னிடம் ஐபோனும் கிடையாது. மூலச் செய்தியில் ஆப்பிளின் வருமானம் முந்தைய ஆண்டைவிட 29 விழுக்காடு கூடியது என்று இருந்தது. அந்தக் குரலிலேயே நானும் பாடிவிட்டேன். சாம்சங் செய்தியின் குரல் கவலைக் குரல். அதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் பார்த்த வரையில் ஊடகச் சாய்வு என்பது பெரும்பாலும் இதுதான். லஞ்சத்தைவிடச் சோம்பல் அதிகம்.

லஞ்சமும் இல்லாமல் இல்லை. 2013-ல் தைவானின் நியாய வணிக ஆணையம் சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம் விதித்தது. ஆள் வைத்து, சாதாரணப் பயனீட்டாளர்கள் எழுதுவதுபோல, போட்டியாளரான எச்.டி.சி. கைப்பேசிகளைக் குறை சொல்லியும் தன் கைப்பேசிகளைப் புகழ்ந்தும் இணையத்தில் எழுத வைத்தது என்பது குற்றச்சாட்டு. இதைச் சொன்னதும் இளையவன் முகம் மலர்ந்தது. ஆனால் 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் என்ன செய்தது தெரியுமா? மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி, அதனால் பழைய கைப்பேசிகளை மந்தமாக்கியதற்காக ஒரே நாளில் இருவருக்கும் அபராதம் போட்டது. ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம். இளையவனின் முகம் பழைய நிலைக்கு வந்தது.

இந்த விஷயத்தில் வாசகர் மனசும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 1982-ல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 'செய்தி எதிரிக்குச் சாதகமாக இருக்கிறது' என்று இரண்டு தரப்புமே சொன்னது. கைப்பேசியை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் நான் கண்டது அச்சு அசல் அதுதான்.

மூத்தவனிடம் இன்னொரு புகாரும் இருந்தது. அது நம் நாட்டுப் பயனீட்டாளர் எல்லாருக்கும் பொருந்தும். 2020-ல் அமெரிக்க யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு, ஓ.டி. செய்து சேர்த்த பணத்தில் கேலக்ஸி எஸ்20 வாங்கினான். அந்த விமர்சகர்கள் கையில் இருந்தது குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் சில்லு போட்ட கைப்பேசி. மலேசியாவில் விற்றதோ சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 990 சில்லு போட்டது. பெயர் ஒன்று, பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் மூளை வேறு. நம் ஊர்க் கைப்பேசி சீக்கிரம் சூடாகிறது, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று அப்போது பலரும் குறைபட்டார்கள். ஆப்பிளிலும் இப்படி நடந்ததுண்டு. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கான ஏ9 சில்லைச் சாம்சங்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி.யும் தயாரித்தன. எந்தச் சில்லு வரும் என்பது வாங்குபவரின் அதிர்ஷ்டம். உண்மைப் பயன்பாட்டில் பேட்டரி வேறுபாடு 2 முதல் 3 விழுக்காடுதான் என்று ஆப்பிள் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. ஆக, விமர்சனம் படிக்கும்போது நம் நாட்டுக்கு வரும் கைப்பேசியில் என்ன சில்லு என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ9 கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஐபோனின் மூளையைச் செய்து கொடுத்தது சாம்சங்! 2011-ல் தொடங்கி 2018 வரை காப்புரிமைக்காக நீதிமன்றத்தில் இருவரும் முட்டிக்கொண்ட அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது. ஐபோன் எக்ஸின் திரைகூடச் சாம்சங் செய்ததே. கடைத்தெருவில் பகை, ஆலைக்குள் வாடிக்கை. என் தம்பிகள் இருவர் மட்டும்தான் இன்னும் சமாதானமாகவில்லை.

சரி, சில்லு ஏன் இப்படி அடிக்கடி கழுத்தைப் பிடிக்கிறது?

பழைய கதை ஒன்று. நம் வீடுகளில் நோக்கியா மட்டுமே இருந்த காலம். 2000 மார்ச் மாதம், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இருந்த பிலிப்ஸ் சில்லு ஆலையில் மின்னல் தாக்கிச் சின்னத் தீ. பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் நீரும் தூசு நுழையக் கூடாத அறைகளைப் பாழாக்கிவிட்டன. அந்த ஆலையின் பெரிய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர்: நோக்கியா, எரிக்சன். நோக்கியா உடனே ஓடியது. கிடைக்கும் இடத்தில் எல்லாம் மாற்றுச் சில்லை மடக்கிப் போட்டது. எரிக்சன் சில நாளில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டது. அதற்கு ஏறக்குறைய 40 கோடி டாலர் விற்பனை போயிற்று. அடுத்த ஆண்டு எரிக்சன் தன் கைப்பேசித் தொழிலைச் சோனியோடு கூட்டுச் சேர்த்துக்கொண்டது.

ஒரு கைப்பேசியில் இருப்பது ஒரே ஒரு சில்லு என்று பலர் நினைக்கிறார்கள். விளம்பரத்தில் பெயர் சொல்லப்படுவது ஒன்று. அதைச் சுற்றி மின்சாரத்தைப் பங்கிட, திரையை இயக்க, அலைவரிசையைப் பிரிக்க என்று இன்னும் பல சின்னச் சில்லுகள் இருக்கின்றன. திரையை இயக்கும் சில்லின் விலை ஏறக்குறைய ஒரு டாலர்தான். 2021-ல் அதிகம் இழுபறியானது இந்த மலிவுச் சரக்குகள்தான். பழைய 8 அங்குலத் தட்டில் செய்யப்படுபவை அவை. லாபம் குறைவு என்பதால் புதிய ஆலை கட்ட யாரும் முன்வரவில்லை. ஊரடங்கில் உலகமே கணினியும் கைப்பேசியும் வாங்க, இருந்த ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கல்யாணச் சமையலில் எல்லாம் இருந்தும் உப்பு இல்லாவிட்டால் எப்படியோ, அப்படி.

இங்கேதான் கதை நம் கெடாவுக்கு வருகிறது. திரையை இயக்கும் அந்த வகைச் சில்லுகளைச் செய்யும் ஆலை ஒன்று கூலிமிலேயே இருக்கிறது. சில்டெரா அதன் பெயர். பல ஆண்டு கஜானா நேஷனலின் கையில் இருந்து, 2021-ல் 27 கோடியே 30 லட்சம் வெள்ளிக்கு டிநெக்ஸ் நிறுவனமும் ஒரு சீன முதலீட்டு நிதியும் சேர்ந்து வாங்கின. அது இருக்கும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-ல் தொடங்கியது. பாடாங் செராய், லுனாஸ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து வேலைக்காடு. அதற்கு முன்பே, 1972 முதல், பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்துவிட்டன. உலகில் சில்லுகளைப் பொதிந்து, சோதித்து அனுப்பும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகக் கணக்கு. தைவானிலோ கொரியாவிலோ வட்டத் தட்டாகப் பிறக்கும் சில்லு இங்கே வந்து துண்டாகி, மயிரிழைக் கம்பி கட்டப்பட்டு, கறுப்பு உறை போட்டுக்கொண்டு, சோதனையில் தேறிய பிறகே கைப்பேசிக்குள் போகிறது.

என் அக்கா 1996-ல் எஸ்.பி.எம். முடித்த கையோடு அந்த வேலைக்குப் போனவர். எங்கள் குடும்பம் அப்போது பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தது. விடியற்காலையில் அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரத்துக்குப் போவார். அதே நேரத்தில் தோட்டத்து முச்சந்தியில் கிலாங் பஸ் வந்து நிற்கும். பினாங்குப் பாலம் தாண்டிப் போய், அக்கா நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்துத் தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கவில்லை. லயத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கினார். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது, நாங்கள் தாமானுக்கு வந்தோம், அக்கா கூலிமில் வேறோர் ஆலைக்கு மாறினார். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம். இப்போது அவர் சோதனைப் பிரிவில். 12 மணி நேர ஷிப்ட். கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.

2021 ஜூன் 1-ஆம் தேதி நாடு முழுவதும் முடக்கப்பட்டது. மின்னணு ஆலைகள் 60 விழுக்காட்டு ஊழியர்களோடு இயங்கலாம் என்றார்கள். நாங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அக்கா பஸ் ஏறினார். ஜூலையில் அவருடைய வரிசையில் ஒருவருக்குக் கிருமி, பிறகு பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு, பிறகு அக்காவுக்கு. கையில் இளஞ்சிவப்புப் பட்டையோடு வீட்டின் பின்னறையில் தனிமையானார். சோறும் ரசமும் வாசலில் வைத்துவிட்டு வருவோம். இருமல் சத்தம் கூடத்துக்குக் கேட்கும். ஆகஸ்ட் 5-ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 20,596 பேருக்குத் தொற்று.

அக்காவின் மகன் அந்த ஆண்டு ஐந்தாம் படிவம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. இருவருக்கும் இயங்கலை வகுப்பு. வீட்டில் இருந்தது திரை உடைந்த ஒரே கைப்பேசி. காலையில் தங்கைக்கு, மதியம் அண்ணனுக்கு என்று பங்கு. அண்ணனுக்குக் காலையில் கணிதம் இருந்தால் அது போனது போனதுதான். 700 வெள்ளிக்குள் ஒன்று வாங்கித் தரலாம் என்று கடைத் தம்பிக்கு அழைத்தேன். "அந்த விலையில சரக்கே இல்லண்ணே. எப்ப வரும்னு கம்பெனிக்கே தெரியல. 2,000 வெள்ளி போன் இருக்கு, எடுக்கிறீங்களா?" என்றான். சில்லு குறைவாக இருந்தால், இருப்பதை லாபம் கூடிய சரக்குக்கு ஒதுக்குவதுதான் வியாபாரம். ஆப்பிளே அந்த ஆண்டு ஐபேட் உற்பத்தியைக் குறைத்து, அதன் பாகங்களை ஐபோன் 13-க்குத் திருப்பியதாக ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை எழுதியது. பெரிய கம்பெனியிலேயே இப்படி என்றால் 700 வெள்ளிக் கைப்பேசியை யார் நினைப்பார்கள்?

கடைசியில் மூன்று வாரம் கழித்து யாரோ பயன்படுத்திய கைப்பேசி ஒன்றைத் தம்பி தேடிக் கொண்டுவந்து கொடுத்தான். அதுவரை மருமகன் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பையனின் திரையைப் பார்த்துப் படித்தான். ஆயிரக்கணக்கில் சில்லு சோதித்து அனுப்பிய கை அவன் அம்மாவின் கை. இதை யாரும் அன்று பேசிக்கொள்ளவில்லை; பேச எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் தன் கன்சாஸ் சிட்டி ஆலையில் எஃப்-150 வண்டி உற்பத்தியை ஒரு வாரம் நிறுத்தியது. மலேசியாவில் கோவிட்டால் ஒரு சில்லுப் பாகம் வரவில்லை என்று காரணம் சொன்னது. அதையும் நான் மொழிபெயர்த்தேனோ என்னவோ, நினைவில்லை. ஆனால் அக்டோபர் 28-ஆம் தேதிச் செய்தி நினைவிருக்கிறது. டிம் குக் சொன்ன 600 கோடி டாலர் இழப்புக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, உலகெங்கும் சில்லுப் பற்றாக்குறை. மற்றது, தென்கிழக்காசியாவில் கோவிட் தொடர்பான உற்பத்தித் தடைகள். 'தென்கிழக்காசியாவில் கோவிட் தொடர்பான உற்பத்தித் தடைகள்' என்று அழகாக, பிழையில்லாமல் தமிழில் எழுதினேன். எழுதியது அக்கா இருமிய பின்னறைக்கு இரண்டு தெரு தள்ளி என் வீட்டில். அந்த ஐந்து சொற்களுக்குள் என் அக்காவும் ஒருத்தி என்பது எனக்கு உறைக்கவில்லை. அதைத் தனிச் செய்தியாக்கலாம், கூலிமுக்கு ஓர் ஆளை அனுப்பிக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. 'ஐபோனுக்கு அமோகத் தேவை' என்று தலைப்புப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அன்று கூடத்தில் எனக்குச் சிரிப்பு வராமல் போனது இதனால்தான். ஆப்பிளா சாம்சங்கா என்று பத்திரிகை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இரண்டு பக்கத்துக்கும் பெயர் இருந்தது, படம் இருந்தது. அக்கா 'தடைகள்' என்ற பன்மைச் சொல்லுக்குள் போய்விட்டார். மூத்தவனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்காக நீங்க ஆப்பிள் பக்கம் சாஞ்சது சரியாகிடுமாண்ணே?" என்றான். சரியாகாதுதான்.

கூலிம் இன்று பெரிதாகிக்கொண்டே போகிறது. 2024 ஜனவரியில் ஆஸ்திரிய நாட்டு ஏ டி அண்ட் எஸ் நிறுவனம் அங்கே ஆலை திறந்தது. ஆகஸ்டில் ஜெர்மனியின் இன்ஃபினியோன் தன் மூன்றாவது ஆலையைத் திறந்தது. மருமகன் எஸ்.பி.எம். தேர்வை 2022 மார்ச்சில் எழுதித் தேறினான். கணிதத்தில் நினைத்த புள்ளி வரவில்லை. ஜித்ரா பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தான். அம்மா வேலை செய்யும் பூங்காவிலேயே, ஆனால் வேறு ஆலையில், பொறியியல் உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான்.

போன வாரம் அக்காவிடம் கேட்டேன்: "நீ சோதிக்கிற சில்லு ஐபோனுக்குப் போகுதா, சாம்சங்குக்குப் போகுதா?"

"யாருக்குத் தெரியும்? பெட்டியில நம்பர் மட்டும்தான் இருக்கும். சைனா போனுக்குக்கூடப் போகலாம். ஏன், அதையும் பேப்பர்ல போடப் போறியா?"

"போடட்டுமா?"

"என் பேரைப் போடாதே. கம்பெனில கேப்பாங்க."

தாமான் முனையில் கிலாங் பஸ் வந்து நின்றது. அக்கா பையை எடுத்துக்கொண்டார். இறங்கிப் போகும்போது கைப்பேசியை எடுத்து ஒரு முறை பார்த்தார். சோதனைக் கூடத்துக்குள் அதைக் கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியில் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "எதாச்சும்னா ராத்திரி எட்டுக்கு மேல கூப்பிடு," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.